பேட்டரியைக் காலி செய்வது எது?

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஆர்.வி. வண்டியை நிறுத்தி இரவு தங்கலாம். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் நடமாடும் வீடு அது. ஆனால் அங்குள்ள முகாம்களில் வண்டிக்கு மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரையும் குறிப்பிட்ட நேரங்களில்தான் ஓட்டலாம். ராத்திரி முழுக்க வண்டியின் பேட்டரிதான் துணை. அந்தப் பேட்டரி எப்படிச் செலவாகிறது என்று, டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

பேட்டரியின் மேல் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,200 வாட்-மணி. ஈய-அமில வகை என்றால் இதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கும் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, நம் கையில் இருப்பது 600தான். லித்தியம் என்றால் 1,000 வரை தாராளமாக எடுக்கலாம்.

பெரும்பாலோர் தடுமாறுகிற இடம் அடுத்ததுதான். வாட் அதிகமுள்ள சாதனமே பேட்டரியைக் காலி செய்யும் என்று நினைத்துவிடுகிறோம். மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறந்திருக்கிறோம் என்பது வாட். தொட்டியிலிருந்து மொத்தம் எவ்வளவு தண்ணீர் போனது என்பது வாட்-மணி. முழுக்கத் திறந்த குழாயைச் சீக்கிரமே மூடிவிட்டால் தொட்டியில் தண்ணீர் மிஞ்சும். விடிய விடிய ஒழுகுகிற குழாய்தான் அதைக் காலி செய்யும்.

இப்போது கணக்குப் போடுவோம். 900 வாட் காபி மெஷின் 10 நிமிடம் ஓடினால் 150 வாட்-மணி, அவ்வளவுதான். ஹீட்டரைப் பாருங்கள். அது புரோப்பேன் வாயுவில் எரிவதால் மின்சாரமே வேண்டாம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் சூட்டை அறைக்குள் தள்ளுவது மின்விசிறி. அது சுமார் 90 வாட் எடுக்கும். குளிர் இரவில் விட்டுவிட்டு மொத்தம் 5 மணி நேரம் சுற்றினால் 450 வாட்-மணி போய்விடும். மூன்று முறை காபி போடுகிற மின்சாரம்!

இன்னொன்று இன்வெர்ட்டர். பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுச் சாதனங்களுக்கான 120 வோல்ட்டாக மாற்றுவது அதன் வேலை. எதையும் சொருகாவிட்டாலும், 15 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் ஒரு நாளில் 360 வாட்-மணியை விழுங்கிவிடும். படுக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள். என் கணக்கில், காசே செலவில்லாத சிக்கனம் இதைவிட வேறில்லை.

ஏசி மட்டும் விதிவிலக்கு. அதற்கு வாட்டும் அதிகம், நேரமும் அதிகம். 1,400 வாட் ஏசியை இந்த ஒரு பேட்டரியில் ஒரு மணி நேரம்கூட ஓட்ட முடியாது.

கிளம்பும் முன் ஒவ்வொரு சாதனத்துக்கும் வாட்டையும் மணியையும் பெருக்கி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் எதையும் போடுவதற்கு முன் வோல்ட் மீட்டரைப் பாருங்கள். ஈய-அமில பேட்டரியில் 12.6 என்றால் ஏறக்குறைய நிறைவு, 12.1 என்றால் பாதி. அதற்கும் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்கு முதல் வேலை சார்ஜ் ஏற்றுவதுதான்.