கடைக்காரர் சேர்த்த ஜோடியும் தானே சேர்ந்த ஜோடியும்

பறவைக் கடையில் ஒரு ஜோடி ஃபின்ச் கேட்டால், கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு உள்ள ஒன்றையும் இல்லாத ஒன்றையும் பிடித்து அட்டைப்பெட்டியில் போட்டுத் தருவார்கள். ஆணும் பெண்ணும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவை ஜோடியா என்பதை அந்தக் குருவிகள்தான் முடிவு செய்ய வேண்டும். முட்டை பொரிக்கவில்லை, குஞ்சு தங்கவில்லை என்று தீனியையும் கூடு கட்டும் பானையையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும் என்பேன்.

நாம் அதிகம் வளர்ப்பது ஜீப்ரா ஃபின்ச். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகள் அதன் பூர்வீகம். அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெய்து, புல் விதை பிடித்ததும் கூடு கட்டியாக வேண்டும். அப்போது போய்த் துணை தேடினால் காலம் கடந்துவிடும். அதனால் ஆண்டு முழுவதும் இணையாகவே திரிகின்றன. பெரும்பாலும் சாகும்வரை பிரிவதில்லை.

ஆண் மட்டுமே பாடும். குஞ்சாக இருக்கும்போது தகப்பனிடம் கேட்டுப் பழகிய பாட்டு அது. சுமார் 3 மாத வயதில் உறுதிப்பட்டுவிடும், பிறகு மாறாது. பெண்ணைக் கண்டதும் சிறகைச் சிலிர்த்து, குச்சியில் இப்படியும் அப்படியும் திரும்பித் தாவியபடி பாடிக்கொண்டே நெருங்கும். பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் பறந்து போய்விடும். பிடித்திருந்தால் அதுவும் பதிலுக்குத் தாவும். கடைசியில் தாழ்ந்து உட்கார்ந்து வாலைப் படபடவென்று நடுக்கும். அதுதான் சம்மதம்.

இந்தச் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் சோதித்து, 2015இல் வெளியிட்டார்கள். பெண் குருவிகளைத் தாமே துணை தேடிக்கொள்ள விட்டார்கள். சேர்ந்த ஜோடிகளில் பாதியை அப்படியே வைத்து, மீதியைப் பிரித்து வேறு துணையோடு சேர்த்தார்கள். தானே சேர்ந்த ஜோடிகள் 37 சதவீதம் அதிகக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கின. மாற்றிச் சேர்த்த ஜோடிகளில் கருக்கூடாத முட்டைகள் ஏறக்குறைய 3 மடங்கு. இறந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை பொரித்த முதல் 48 மணி நேரத்திலேயே இறந்தன. அந்த நேரத்தில் தகப்பன் கூட்டில் சரியாகத் தங்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஆண்களும் பாடிப் பாடித்தான் பெண்ணைச் சுற்றி வந்தன, பெண்தான் இணங்கவில்லை. எல்லாப் பெண்களுக்கும் பிடித்த ஆண் என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றின் விருப்பமும் தனி.

வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது எளிது. இளம் குருவிகள் ஆறேழு வாங்கிப் பெரிய கூண்டில் விடுங்கள், பானை வைக்காமல். சில நாளில் இரண்டு மட்டும் உடலோடு உடல் ஒட்டி உட்காரும், ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிடும், ஒன்று நகர்ந்தால் மற்றது கூப்பிடும். அந்த இரண்டையும் தனிக் கூண்டுக்கு மாற்றிப் பானையும் தேங்காய் நாரும் கொடுங்கள். ஆண் நாரைத் தூக்கிக்கொண்டு ஓடும். அடைகாப்பதும் குஞ்சுக்கு ஊட்டுவதும் இரண்டும் பகிர்ந்து செய்யும் வேலை.

ஒட்டி உட்காருவது இரண்டு ஆண்களாகவும் இருக்கலாம். அப்படியும் உறுதியாகச் சேர்வதுண்டு, அதனால் தனிக் கூண்டுக்கு மாற்றும் முன் ஆணும் பெண்ணும்தானா என்று பாருங்கள். வெள்ளை ரகத்தில் கன்னத் திட்டு தெரியாது. அலகின் சிவப்பையும் பாட்டையும் வைத்துத்தான் ஆணைக் கண்டறிய வேண்டும்.

துணை இறந்துபோனால் மறுநாளே புதிதாக ஒன்றை வாங்கி அதே கூண்டில் அடைக்காதீர்கள். துணையில்லாத சில குருவிகளோடு சேர்த்து விட்டு, அதுவாகத் தேர்ந்துகொள்ளும்வரை பொறுத்திருங்கள்.