ஒரே அறையில் வத்தல், மல்லி, உளுந்து: கெடாமல் காப்பது எப்படி?

விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் பகுதியில் மானாவாரி சாகுபடி செய்யும் சிறு விவசாயிக்குத் தனிக் கிட்டங்கி கிடையாது. அருப்புக்கோட்டை, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் மிளகாய் வத்தல், மல்லி, உளுந்து, பாசிப்பயறு, கம்பு, எள் ஆகிய எல்லாமே வீட்டில் உள்ள ஒரே அறையில்தான் அடுக்கப்படுகின்றன. தை முதல் சித்திரை வரை உள்ளே செல்லும் சரக்கு, நல்ல விலை வரட்டும் என்று பல மாதங்கள் காத்திருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு மூட்டையைப் பிரித்தால் வத்தல் நிறம் மங்கியிருக்கும். மல்லியில் துளை விழுந்திருக்கும். உளுந்தில் வண்டு ஓடும். விலை வரும் நேரத்தில் சரக்கு இருக்காது.

பல பொருள்களை ஒரே அறையில் வைப்பது தவறல்ல. எதை எந்த அளவு காய வைத்து, எதன் அருகில் வைக்கிறோம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன.

ஒரு அறை, ஒரு காற்று

விளைபொருள் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும். காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும். சரியாகக் காயாத ஒரு மூட்டை அறைக்குள் வந்தால், அதன் ஈரம் முதலில் அறைக் காற்றில் கலக்கும். அங்கிருந்து காய்ந்த மூட்டைகளுக்குப் போகும். ஆகவே அறையில் உள்ள எல்லாச் சரக்கின் பாதுகாப்பும், மிகக் குறைவாகக் காய்ந்த மூட்டையைப் பொறுத்தது.

காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சாணம் வளரத் தொடங்கும். கோடையில் இந்தப் பகுதியின் காற்று மிகவும் வறண்டது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்ற இந்த வறட்சியே ஒரு காரணம். வத்தல் காய்வதற்கும் இதே காற்றுதான் துணை. ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை மாறிவிடுகிறது. கோடையை நம்பிக் கட்டிய மூட்டை மழைக்காலத்தில் ஏமாற்றிவிடும்.

சுருட்டு வியாபாரிகள் இந்த உண்மையை நன்கு அறிவார்கள். உயர்ந்த ரகச் சுருட்டுகளை மரப்பெட்டியில், 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைப்பது உலக வழக்கம். அதற்குக் குறைந்தால் இலை நொறுங்கும். கூடினால் பூஞ்சாணம் பிடிக்கும். மணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏறாதபடி ரகங்களைப் பிரித்தும் வைப்பார்கள். விவசாயி கவனிக்க வேண்டியவையும் ஈரம், மணம், பூச்சி ஆகிய இவையே. ஆனால் வத்தலுக்கும் பயறுக்கும் அந்த ஈரம் அதிகம். அறை அதைவிட வறண்டிருக்க வேண்டும்.

எது எவ்வளவு காய வேண்டும்?

எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவு பொருந்தாது. எண்ணெய் நீரை ஏற்காது. எனவே எண்ணெய் வித்துக்கள் தானியத்தைவிடக் குறைந்த ஈரத்திலேயே கெடும். 70 சதவீத ஈரக்காற்றில் நெல் 13, 14 சதவீத ஈரத்தில் நிற்கும்போது, நிலக்கடலைப் பருப்பு 7, 8 சதவீதத்தில் நிற்கும். இரண்டுக்கும் ஆபத்து ஒன்றுதான்.

இருப்பு வைக்க ஏற்ற ஈர அளவு:

மிளகாய் வத்தல்: 10 முதல் 11 சதவீதம்
மல்லி: 9 முதல் 10 சதவீதம்
உளுந்து, பாசிப்பயறு: 10 சதவீதத்திற்குள்; விதைக்கு 8 முதல் 9 சதவீதம்
கம்பு, மக்காச்சோளம்: 12 சதவீதம்
நிலக்கடலைப் பருப்பு: 7 முதல் 8 சதவீதம்
எள்: 7 சதவீதத்திற்குள்

ஈரமானி இல்லாதவர்கள் கம்பு, சோளத்திற்கு உப்புச் சோதனை செய்யலாம். நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் தானியத்துடன் உலர்ந்த தூள் உப்பைப் போட்டுக் குலுக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்திற்கு மேல் இருக்கிறது. ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒரு நல்ல வெயில் காட்டுவது நலம். உளுந்தைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் ‘டக்’ என்று உடைய வேண்டும். வத்தலைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். காம்பு வளையக் கூடாது.

களத்திலிருந்து அள்ளிய சூட்டோடு மூட்டை கட்டக் கூடாது. ஆற வைத்த பிறகே கட்ட வேண்டும். சூடான சரக்கு மூட்டைக்குள் வியர்த்து நனையும்.

எதை எங்கே வைப்பது?

வத்தல்: வெளிச்சம் படாத, மிகவும் உலர்ந்த மூலை இதற்கு உரியது. வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் சிவப்பு நிறம் மங்கும். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு வத்தலும், நீளமான சம்பா வத்தலும் தனித்தனிச் சந்தை உடையவை. இவற்றை ஒரே மூட்டையில் கலக்கக் கூடாது.

மல்லி: மணம் பரப்பும் பொருள். இதற்கும் மற்றவற்றுக்கும் இடையே கம்பு மூட்டைகளை அடுக்காமல், இடைவெளி விட்டுத் தனி வரிசையாக வைக்கவும்.

உளுந்து, பாசிப்பயறு: பயறு வண்டு வயலிலேயே நெற்றின் மீது முட்டையிட்டு, அறுவடையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளிவரும். ஆகவே பயறை நன்கு காய வைத்து, காற்றுப் புகாத தகர டிரம்மில் கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். உள்ளே உள்ள காற்று தீர்ந்ததும் வண்டு மடியும். காயாத பயறை இப்படி மூடினால் பூஞ்சாணமே மிஞ்சும்.

சின்ன வெங்காயம்: இது உயிருள்ள பொருள், ஈரத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். இந்த அறையில் இடம் தரக் கூடாது. காற்றோட்டமுள்ள பட்டறையில் வைக்கவும்.

யூரியா, பூச்சிமருந்து: யூரியா மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும். பூச்சிமருந்து உணவுப் பொருளில் படிந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் வேறு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

பட்டாசு வட்டாரத்திற்கு ஒரு சொல்

விவசாயக் குடும்பங்களில் பலர் பட்டாசு ஆலைக்கும் வேலைக்குப் போகிறார்கள். மருந்துத்தூள் படிந்த வேலை உடையைத் தானிய அறையில் மாட்டக் கூடாது. மருந்தையோ, அரைகுறைப் பட்டாசையோ வீட்டில் வைப்பது சட்டப்படி குற்றம். அலுமினியத்தூள் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். சாக்கும் வத்தலும் நிறைந்த அறையில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

சிகரெட் வண்டு

சுருட்டைத் துளைக்கும் சிகரெட் வண்டுதான் வத்தலையும் மல்லியையும் மஞ்சளையும் துளைக்கிறது. செம்பழுப்பு நிறத்தில், 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளத்தில், தலை கவிழ்ந்து காணப்படும். பழைய சாக்கின் இழைகளிலும் சுவர் வெடிப்புகளிலும் தங்கியிருந்து புதுச் சரக்குக்குத் தாவும். ஆகவே பழைய சாக்கைக் கொதிநீரில் முக்கி, நல்ல வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும். சென்ற ஆண்டின் மிச்சச் சரக்கைப் புதியதோடு வைக்கக் கூடாது.

செய்யக் கூடாத காரியம்

வத்தல் நொறுங்காமல் இருக்கவும் எடை கூடவும் மூட்டை கட்டும் முன் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தெளித்த தண்ணீர் பூஞ்சாணத்தை வளர்க்கும். அது அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். சமைத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது, ஈரலைக் கெடுக்கும். ஐரோப்பிய நாடுகள் ஒரு கிலோ வத்தலில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருந்தால் ஏற்பதில்லை. சில கிலோ எடைக்கு ஆசைப்பட்டால் முழுச் சரக்கும் கழிக்கப்படும்.

நினைவில் கொள்ள

மூட்டைகளைத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மரச்சட்டத்தின் மீது அடுக்கவும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைக்கவும். வெயில் காயும் பிற்பகலில் சன்னலைத் திறக்கவும். மழை நாளிலும் இரவிலும் மூடிவிடவும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பார்க்கவும். சூடு தெரிந்தால் அந்த மூட்டையை அன்றே வெளியேற்றிக் காய வைக்கவும்.

அறையில் இடம் போதாதவர்கள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிட்டங்கியில் சரக்கை இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். அவசரத்துக்கு விற்காமல் விலைக்குக் காத்திருக்க அது கைகொடுக்கும். அங்கே கொண்டு செல்லும் சரக்கும் நன்கு காய்ந்ததாக இருத்தல் வேண்டும்.