தரகில்லா வாசல்

விடுதி அறை கீரைக்கட்டைவிட விரைவில் கெடும் சரக்கு. கீரையாவது மறுநாள் பாதி விலைக்குப் போகும். செவ்வாய் இரவு ஆளில்லாமல் கிடந்த அறையைப் புதன்கிழமை எந்த விலைக்கும் விற்க இயலாது. கடன் வட்டியும் ஊழியர் சம்பளமும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஓடிக்கொண்டிருப்பதால், அறை யார் வழியாக, என்ன விலைக்கு நிரம்புகிறது என்பதே இத்தொழிலின் உயிர்நாடி. (‘ஓட்டல்’ என்றதும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது இட்லியும் தோசையும் என்பதால், இரவு தங்கும் இடம் இங்கு ‘விடுதி’ என்றே குறிக்கப்படுகிறது.)

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1952இல் தொடங்கிய ஹாலிடே இன் நிறுவனம், 1965இல் ஐபிஎம் உதவியோடு ‘ஹாலிடெக்ஸ்’ என்னும் கணினி முன்பதிவு வலையமைப்பை நிறுவியது. ஓர் ஊர்க் கிளையின் வரவேற்பு மேசையில் நிற்பவர், மறுநாள் இரவுக்கு வேறு ஊர்க் கிளையில் அறையை அங்கிருந்தபடியே உறுதி செய்துகொள்ள முடிந்தது. ஆனால், அதே வசதி வீட்டுக் கணினிக்கு வந்தபோது முந்திக்கொண்டவர்கள் வெளியாட்கள். 1996இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பீடியாவைத் தொடங்கியது, பின்னாளில் புக்கிங்.காம் ஆன தளமும் அதே ஆண்டில் நெதர்லாந்தில் பிறந்தது. ஓர் ஊரின் விடுதிகளையெல்லாம் விலையோடு வரிசையாக அடுக்கி ஒப்பிட்டுப் பார்க்கவே பயணி விரும்பினார். அந்தப் பட்டியலைத் தனி விடுதி எதுவும் தர இயலாது. இத்தகைய முகவர் தளங்களின் பலம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பலத்துக்கு விலை உண்டு. முகவர் தளங்கள் பெறும் தரகு பெரும்பாலும் 15 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். 5,000 ரூபாய் அறையில் 20 விழுக்காடு தரகு என்றால் 1,000 ரூபாய் முகவருக்குப் போய்விடும். சொந்தத் தளத்திலும் மென்பொருள் வாடகை, கார்டுக் கட்டணம், விளம்பரம் என்று செலவு உண்டு என்றாலும், நன்றாக நடத்தப்படும் தளத்தில் அது அந்த ஆயிரத்தைத் தொடுவது அரிது. பணத்தைவிட விடுதிக்காரரை உறுத்தும் இன்னொன்று விருந்தினரின் முகவரி. புக்கிங்.காம் வழியே பதிவானவரின் உண்மையான மின்னஞ்சல் விடுதிக்குத் தரப்படுவதில்லை. தளம் உருவாக்கிய ஒரு மாற்று முகவரியே தரப்படுகிறது. வந்து தங்கி, பாராட்டிவிட்டுப் போனவருக்கு அடுத்த ஆண்டு ஓர் அழைப்பு அனுப்பவும் வழியில்லை.

விடுதியின் சொந்தத் தளம் இந்த இரண்டையும் மீட்பதற்காக இயங்குகிறது. முகப்பில் விரியும் கடலும் நீச்சல்குளமும் கண்ணைக் கவர்ந்தாலும், உழைப்பெல்லாம் அவற்றின் கீழேயுள்ள சிறு கட்டங்களில்தான் நடக்கிறது: வரும் நாள், போகும் நாள், பெரியவர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர். அவற்றின் பின்னால் ‘புக்கிங் எஞ்சின்’ எனப்படும் முன்பதிவு மென்பொருள் இருக்கிறது. 12ஆம் தேதி வந்து 14ஆம் தேதி போவதாக ஒருவர் குறித்தால், அது 12ஆம் இரவையும் 13ஆம் இரவையும் தனித்தனிச் சரக்காகக் கருதி, ஒவ்வொன்றுக்கும் இருப்பையும் அன்றைய விலையையும் எடுத்து, ‘குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும்’ என்பது போன்ற நிபந்தனைகளைச் சரிபார்த்து, ஒரே அறையைப் பல விலைகளில் காட்டுகிறது: ரத்து செய்தால் பணம் திரும்பும் விலை, திரும்பாத குறைந்த விலை, காலை உணவுடன் சேர்ந்த விலை. பணம் கட்டியதும் ‘சேனல் மேனேஜர்’ என்னும் மற்றொரு மென்பொருள், எல்லா முகவர் தளங்களிலும் ஓர் அறையைக் குறைத்துவிடுகிறது. அது தாமதித்தால் கடைசி அறை இருவருக்கு விற்கப்பட்டு, நள்ளிரவில் பெட்டியோடு வந்து நிற்பவரைப் பக்கத்து விடுதிக்குத் தன் செலவில் அனுப்பிவைக்கும் சங்கடம் விடுதிக்கு நேரும். புகைப்படக் கலைஞருக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, கைப்பேசியில் விரல் படாத அளவுக்குச் சிறிய நாட்காட்டியை வைத்திருக்கும் விடுதிகள் குறைவல்ல. அங்கே சலித்த விரல் நேராக முகவர் தளத்துக்குப் போய்விடுகிறது.

முகவரை விடுதி வெறுக்கவும் முடியாது. முகவர் தளத்தில் இடம்பெறும் விடுதிக்குச் சொந்த வழிகளிலும் பதிவு கூடுகிறது என்பதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஆண்டர்சன் 2009இல் எடுத்துக்காட்டினார். ‘விளம்பரப் பலகை விளைவு’ என்று அதற்குப் பெயர். பயணி பட்டியலில் விடுதியைக் கண்டுபிடித்து, பிறகு அதன் பெயரைக் கூகுளில் தட்டுகிறார். ஆனால், அந்தப் பெயருக்கே முகவர்கள் பணம் கொடுத்து விளம்பரம் வைத்திருப்பதால், தன் பெயரைத் தேடுபவர் தன்னிடமே வந்துசேர விடுதியும் விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. தன் வீட்டு வாசலில் நிற்கத் தானே வாடகை கொடுப்பது போன்ற வினோதம் இது.

வந்தவருக்குச் சொந்தத் தளத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாமே என்றால், அங்கும் நெடுங்காலம் தடை இருந்தது. எங்கள் தளத்தில் காட்டும் விலைக்குக் கீழே வேறெங்கும் காட்டக் கூடாது என்று முகவர்கள் ஒப்பந்தத்தில் எழுதிவாங்கிய ‘விலைச் சமநிலை’ நிபந்தனைதான் அது. ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2013இல் எச்ஆர்எஸ் என்னும் முகவர் தளத்துக்கு இதைத் தடை செய்தது. பிரான்ஸ் 2015இல் சட்டமே இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தால் 2024இல் புக்கிங்.காம் அங்கே இந்நிபந்தனையைக் கைவிட்டது. இந்தியாவிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்-கோஐபிபோ என்னும் முகவர் தளக் குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, சுட்டிக்காட்டப்பட்ட குறைகளில் விலைச் சமநிலையும் ஒன்று.

சட்டம் வருவதற்குக் காத்திராமல் பெரிய நிறுவனங்கள் கண்டுபிடித்த சந்துதான் உறுப்பினர் விலை. நிபந்தனை பொதுவில் காட்டும் விலையைத்தான் கட்டுப்படுத்தியது. பெயரும் மின்னஞ்சலும் கொடுத்து உள்நுழைந்தவருக்குக் காட்டும் விலை பொது விலை ஆகாது என்பது வாதம். ஹாலிடே இன், மாரியட் ஆகிய இரண்டும் 1983இலேயே தொடங்கியிருந்த விசுவாசத் திட்டம், அதாவது தங்கும் இரவுகளுக்குப் புள்ளி சேர்த்து இலவச இரவாக மாற்றித்தரும் ஏற்பாடு, இதற்கு ஆயத்தமாகக் கைவசம் இருந்தது. ஹில்டன் 2016இல் பெரும் விளம்பரத்தோடு உறுப்பினர் தள்ளுபடியைத் தன் தளத்தில் அறிவித்தது. தள்ளுபடி சிறியதுதான், அதற்கு ஈடாக விடுதிக்குக் கிடைக்கும் உண்மையான முகவரியின் மதிப்பு பெரிது. வருகைக்கு முன்பே விமான நேரம் கேட்டு ஒரு கடிதம், பணம் கட்டிப் பெரிய அறைக்கு மாற ஓர் அழைப்பு, சென்ற முறை கேட்ட தலையணை இம்முறை கேளாமலே வருவது என எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து முளைக்கின்றன.

இப்படி விருந்தினர் விவரங்களைச் சேர்த்துவைத்த ஏடு திருடுபோவதும் உண்டு. மாரியட் வாங்கிய ஸ்டார்வுட் நிறுவனத்தின் முன்பதிவுத் தரவுத்தளத்தில் அந்நியர் புகுந்திருந்தது 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. மறையாக்கம் செய்யப்படாத கடவுச்சீட்டு எண்கள் மட்டுமே 50 லட்சத்துக்கு மேல் வெளியாயின. 2020இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 1.84 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2022 அக்டோபர் முதல் வணிகர்கள் கார்டு எண்ணைத் தம்மிடம் சேமித்துவைக்கக் கூடாது. எனவே, விடுதித் தளத்தில் விருந்தினர் 16 இலக்கங்களைத் தட்டும் கட்டம் பெரும்பாலும் விடுதியுடையதாகவே இருப்பதில்லை. அது பணம் செலுத்தும் நிறுவனத்தின் கட்டம், பக்கத்துக்குள் பதிக்கப்பட்டது. அடுத்த முறைக்காக எதையேனும் வைத்துக்கொள்ள வேண்டுமானால், கார்டு எண்ணுக்குப் பதிலாக ‘டோக்கன்’ எனப்படும் மாற்று எண்தான் பயன்படுகிறது.