கோழியைப் பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம்: மூடிய பண்ணைகளில் வெப்ப, குளிர்விப்புப் பராமரிப்பு

பல்லடம், உடுமலை வட்டாரங்களில் கூலிங் பேடும் பெரிய மின்விசிறிகளும் பொருத்திய மூடிய கறிக்கோழிக் கொட்டகைகள் பெருகி வருகின்றன. இவ்வகைக் கொட்டகையில் காற்று, குளிர்ச்சி இரண்டுக்கும் எந்திரத்தையே நம்ப வேண்டும். கோடை மதியத்தில் ஒரு சிறு பழுதைக் கவனிக்காமல் விட்டால், விற்பனைக்குத் தயாரான கோழிகளை ஒரே நாளில் இழக்க நேரிடும். கண்ட்ரோல் பேனலில் எண் சரியாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். சென்சார் தொங்கும் இடத்து வெப்பத்தை மட்டுமே அது காட்டும். சென்சார் கோழியின் முதுகு உயரத்தில், புரூடருக்கும் பேடுக்கும் நேராக இல்லாமல் இருக்க வேண்டும்.

குஞ்சுப் பருவம்

முதல் வாரம் குஞ்சுகளுக்கு 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்து வரலாம். குஞ்சுகள் புரூடருக்கு அடியில் குவிந்து கத்தினால் வெப்பம் போதவில்லை. புரூடரை விட்டு விலகி, வாயைப் பிளந்து கிடந்தால் வெப்பம் அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் குளிர்காற்று நுழைகிறது. திரையில் கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பரவலாக நின்று மேய்ந்தால் வெப்பம் சரி.

கேஸ் புரூடரில் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் எரிவாயு முழுமையாக எரியவில்லை, நச்சுப்புகை உண்டாகும். பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். வெப்பம் வெளியேறிவிடும் என்று காற்றோட்டத்தை முழுவதும் அடைப்பதும் தவறு. உள்ளே நுழைந்ததும் உங்கள் கண் எரிந்தால், குஞ்சுகளுக்கு அம்மோனியா அதற்கு முன்பே கூடிவிட்டது.

கூலிங் பேட்

பேடில் உலர்ந்த கோடுகள் தெரிந்தால், அந்த வழியாக வெப்பக்காற்று நேராக உள்ளே வரும். மேல் குழாயின் துளைகளும் வடிகட்டியும் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவுங்கள். வெள்ளைப் படிவு போர்வெல் நீரின் உப்பால் வருகிறது. தொட்டி நீரை அவ்வப்போது வடித்துவிட்டுப் புது நீர் நிரப்புங்கள். தினமும் ஒருமுறை பேட் முழுமையாகக் காய்ந்தால் பாசி பிடிக்காது.

மின்விசிறி

எல்லா மின்விசிறிகளும் ஓடும்போது பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். இழுப்பு தெரியாமல் லேசாகத் திறந்தால், எங்கோ காற்று ஒழுகுகிறது அல்லது பெல்ட் தளர்ந்து மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. வழக்கத்தைவிட இழுப்பு அதிகமானால் பேட் அடைத்துவிட்டது. பகலில் உள்விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். மின்விசிறித் தகடுகளில் படியும் தூசியை வாரந்தோறும் துடையுங்கள்.

பழுதில்லாமலும் குளிராத நேரம்

வெளியே 38 டிகிரி வெப்பமும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால், நல்ல பேட் காற்றைச் சுமார் 10 டிகிரி குளிர்விக்கும். 32 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் 2 டிகிரிதான் குறையும். உள்ளே ஈரம் ஏறி, கூளம் நனைந்து, கோழி மேலும் மூச்சு வாங்கும். எனவே மழை நாளிலும் இரவிலும் பேட் மோட்டாரை நிறுத்திவிட்டு, மின்விசிறியை மட்டும் ஓட்டுங்கள். வளர்ந்த கோழிகளுக்கு நொடிக்கு 2.5 முதல் 3 மீட்டர் வேகத்தில் காற்று பட்டாலே வெப்பம் குறைந்ததுபோல் இருக்கும்.

மின்தடை

மூடிய கொட்டகையில் மின்விசிறி நின்றால், வளர்ந்த கோழிகள் அரை மணி நேரத்துக்குள்ளேயே மடியத் தொடங்கலாம். ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை, மின்விசிறிகளின் முழுச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். சும்மா ஓட்டினால் அதன் குறை தெரியாது. மின்தடை அலாரத்துக்குத் தனி பேட்டரி வையுங்கள். பக்கத்திரைகளைக் கையால் இறக்க வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

புதுக் கருவி வாங்கச் செலவு செய்யும் முன், காலை, மதியம், இரவு மூன்று வேளையும் கொட்டகைக்குள் பத்து நிமிடம் அமைதியாக நின்று கோழிகளைக் கவனியுங்கள். பெரும்பாலான பழுதுகள் துடைப்பதிலும் பெல்ட்டை இறுக்குவதிலும் சரியாகிவிடும்.