கூலியில்லா உழைப்பில் நீர் கண்ட ஊர்
நிக்டி வட்டாரத் தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்கள் நாம் மட்டுமல்ல. மராட்டியக் கிராமத்து ஜனங்களும்தான். அப்படி புனேக்கும் மும்பைக்கும் ஆட்களை அனுப்பிய ஊர் ஹிவரே பஜார். 2024-ல் அகில்யாநகர் என்று பெயர் மாறிய அகமத்நகர் மாவட்டத்தில் உள்ளது.

1972 பஞ்சத்துக்குப் பின் அங்கு கிணறுகள் வற்றின. சாராயமும் சண்டையும் மிஞ்சின. 1989-ல் எம்.காம். படித்த போபட்ராவ் பவார் சர்பஞ்ச் ஆனார். மழையோ வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் தேறினால் அதிகம். ஊரார் சிரமதானமாக, கூலி வாங்காமல், குன்றுச் சரிவில் வரப்பு வெட்டினர், மரம் நட்டனர். அரசுப் பணமும் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு இல்லை, கரும்பு இல்லை, வாழை இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்களே, அதைப் பணம் கொடுத்து வாங்க முடியுமா? கையில் காசுள்ளவன் இதற்கு இணங்குவது லேசான காரியமல்ல. ஆண்டுதோறும் மழையை அளந்து, இருக்கிற தண்ணீருக்குத் தக்கபடி கிராம சபை பயிரை முடிவு செய்கிறது. கிணறுகளில் நீர் ஏறியது. வெளியேறிய குடும்பங்கள் பல திரும்பி வந்தன.

கடல் கடந்த ஹெய்ட்டியில் இத்தகைய உழைப்புக்குக் 'கோன்பிட்' என்று பெயர். அண்டை வீட்டார் முரசு கொட்டிப் பாடியபடி ஒருவர் நிலத்தில் கூடி உழைப்பர். நிலக்காரர் சோறு போடுவார். மறுமுறை அவர் போக வேண்டும்.

நம் பக்கத்துக் குடிமராமத்தும் இதே ஜாதிதான். ஆனால் மண்வெட்டி பிடித்த கைகளில் பல நிலமில்லாதவை; தண்ணீர் பாய்ந்ததோ பண்ணையார் வயலில்.

ஹிவரே பஜாரைப் பார்க்க வெளியூரார் வருவது வழக்கம். புனேயிலிருந்து அகில்யாநகர் பஸ் பிடித்தால் ஞாயிறு ஒரு நாளில் போய்த் திரும்பலாம்.