பலெர்மோ பால்கனியில் ஒரு சோம்புத் துளசி

தீசிஸ், பகுதிநேர வேலை, இத்தாலிய மொழி வகுப்புன்னு மூணு பக்கமும் இழுத்ததுல இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு மக்களே. போன பதிவுல போட்ட பால்கனி படத்தைப் பார்த்துட்டு "அந்த ஊதாப் பூ என்ன, துளசியா?"ன்னு நாலஞ்சு பேர் பின்னூட்டத்துல கேட்டிருந்தீங்க. தனித்தனியா பதில் சொல்றதுக்குப் பதிலா ஒரு பதிவாவே தேத்திடலாம்னு... :-)

அது துளசி இல்லை. பேரு அனிஸ் ஹிஸ்ஸப். பேருலயே ரெண்டு பொய். அனிஸ்ங்கிறது கொத்தமல்லி, கேரட் குடும்பத்துச் செடி. இது அது இல்லை. ஹிஸ்ஸப்ங்கிறது மத்தியதரைக் கடல் பக்கத்து மூலிகை. இது அதுவும் இல்லை. வட அமெரிக்கப் புல்வெளிகள்தான் இதோட சொந்த ஊர். அங்கத்த பூர்வகுடி மக்கள் ரொம்ப காலமா இந்த இலையைப் போட்டுத் தேநீர் குடிச்சவங்க. தாவரவியல் பேர் அகஸ்டாக்கி ஃபீனிகுலம். உடனே "ஆகா, நம்ம அகத்தியர்!"னு கிளம்பிடாதீங்க. நிறைய கதிர்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல் அது. பூவைப் பார்த்தா பேர் ஏன் வந்துச்சுன்னு புரியும், விரல் நீளத்துக்கு ஊதாக் கதிர் கதிரா நிக்கும்.

ஆனா துளசின்னு நினைச்சவங்க ரொம்பத் தூரம் போயிடலை. துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் இருக்கிற அதே குடும்பம்தான். தண்டைத் தடவினா நாலு பட்டையா சதுரமா இருக்கும். இலையைக் கசக்கினா சோம்பு வாசனை தூக்கும். அதுக்குக் காரணம் எஸ்ட்ரகோல்னு ஒரு எண்ணெய்ப் பொருள். சோம்புலயும் அது கொஞ்சம் இருக்கு. அதனால நான் வச்ச செல்லப் பேர் சோம்புத் துளசி.

கீழ்வீட்டு அக்கா யாழ்ப்பாணம். பலெர்மோ வந்து முப்பது வருஷத்துக்கு மேல. முதல் தடவை இலையைக் கசக்கி மோந்துட்டு, "தம்பி, பார்க்கத் துளசி மாதிரிக் கிடக்கு, பெருஞ்சீரக மணமெல்லோ வருது?"ன்னாங்க. நான் சோம்புங்கிறேன், அவங்க பெருஞ்சீரகம்ங்கிறாங்க. ரெண்டு பேரும் ஒரே வாசனையைத்தான் சொல்றோம்னு தெரிய அஞ்சு நிமிஷம் ஆச்சு.

இந்த ஊருக்கும் சோம்பு வாசனை புதுசில்லை. பழைய பலெர்மோவில் தெருத்தெருவாத் தண்ணி விக்கிறவங்க இருந்திருக்காங்க. குளிர்ந்த தண்ணியில ரெண்டு சொட்டு அனிஸ் சாறு விட்டா பால் மாதிரி வெளுத்துடும். அதுக்குப் பேர் 'ஆக்குவா இ ஸம்மூ'. இங்க அந்தச் சாறு தயாரிக்கிற துத்தோனேங்கிற குடும்ப நிறுவனம் 1813-லேர்ந்து இருக்கு. இப்பவும் வெயில் காலத்துல பெட்டிக்கடைகள்ல கேட்டுக் குடிக்கலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தச் செடியை வளர்க்கணும்னு இணையத்துல தேடினா, கிடைக்கிற குறிப்பு முக்காவாசி பனி கொட்டுற ஊர்க்காரங்க எழுதினது. "குளிர்லேர்ந்து காப்பாத்துங்க, முழு வெயில்ல வையுங்க"ன்னு இருக்கும். பலெர்மோவுக்கு இது அப்படியே தலைகீழ். இங்க ஜனவரி ராத்திரியிலகூட பெரும்பாலும் 8, 10 டிகிரிக்குக் கீழ போறதில்லை. மைனஸ் 25-ஐயே தாங்குற வேருக்கு இதெல்லாம் குளிரே இல்லை. ஆனா கோடை? 2023 ஜூலை 24-ஆம் தேதி இந்த ஊர்ல வெயில் 47 டிகிரியைத் தொட்டுச்சு. மறுநாள் சுத்தியிருக்கிற மலைகள்ல காட்டுத்தீ, விமான நிலையத்தையே மூடினாங்க. ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிக்கிற ஷிரோக்கோ காத்து வந்தா ஒரே மத்தியானத்துல தொட்டி மண் பொரிகடலை ஆயிடும்.

பக்கத்து வீட்டு பால்கனிகள்ல பொமேலியான்னு ஒரு செடி இருக்கும். நம்ம ஈழத்தலரிதான். குளிர்காலத்துல அதோட கிளை நுனியில முட்டை ஓட்டைக் கவுத்து வைப்பாங்க, துளிர் கருகாம இருக்க. பலெர்மோக்காரங்க குளிருக்குப் பண்ற அந்த அக்கறையை நாம இந்தச் செடிக்கு வெயில் காலத்துல பண்ணணும். இந்தப் பதிவோட சாரமே இதான். மீதியெல்லாம் விவரம்.

அடுத்தது தண்ணி. நான் இங்க வந்து சேர்ந்தது 2024 செப்டம்பர். சிசிலி முழுக்க வறட்சி, அந்த மே மாசமே நெருக்கடி நிலை அறிவிச்சிருந்தாங்க. அக்டோபர்ல பலெர்மோவின் பல பகுதிகளுக்கு முறை வச்சுத் தண்ணி நிறுத்த ஆரம்பிச்சாங்க. 2019-ல சென்னையில குடத்தோட நின்னவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியில எவ்வளவு மிச்சம்னு பார்த்துப் பார்த்துக் குளிக்கிற வீட்டுல, செடிக்குத் தண்ணி ஊத்துறது நியாயமான்னு ஒரு கேள்வி வருமில்லையா? நாங்க அந்த மாரியிலயே ஒரு விதி வச்சோம். செடிக்குன்னு குழாயைத் திறக்கிறதில்லை. அரிசி களைஞ்ச தண்ணி, காய்கறி கழுவின தண்ணி, ஏசியிலேர்ந்து சொட்டுற தண்ணி, அவ்வளவுதான். சோப்புத் தண்ணியும் உப்புப் போட்டு வேகவச்ச தண்ணியும் கூடாது. அந்த வரவுக்குள்ள வாழற செடிக்குத்தான் பால்கனியில இடம். தரையில வேர் ஓடின அனிஸ் ஹிஸ்ஸப் வறட்சியை நல்லாவே தாங்கும். தொட்டியில இருக்கிறது தாங்காது. ஜூலையில ஒரு தொட்டிக்கு நாளைக்கு முக்கால் லிட்டர் போகுது. எங்க வரவுக்கு ரெண்டு தொட்டி கட்டுபடியாகும், மூணாவது ஆகாது. அதனால ஒண்ணு எனக்கு, ஒண்ணு அக்காவுக்கு.

இனி செய்முறை:

1. விதை: கடுகைவிடச் சின்னது. மண்ணுக்குள்ள புதைக்கக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேணும். ஈர மண் மேல தூவி லேசா அழுத்திவிட்டாப் போதும். அதுக்கு முன்னாடி ஈரமான டிஷ்யூல மடிச்சு ஃப்ரிட்ஜ்ல மூணு வாரம் வச்சா ஒண்ணுபோல முளைக்கும். நான் போட்டது பிப்ரவரி கடைசியில. ரெண்டு வாரத்துல தலை காட்டுச்சு.

2. தொட்டி: 25-லேர்ந்து 30 செ.மீ. அகலம், அடியில நல்ல ஓட்டை. மண்ணுல மூணுல ஒரு பங்கு மணலோ பெர்லைட்டோ கலந்துடுங்க. உரத்தை அள்ளிக் கொட்டினா செடி தளதளன்னு வளர்ந்து சாயும், வாசனை குறையும்.

3. கிள்ளுதல்: ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிடுங்க. துளசிக்குப் பண்ற அதே வேலை. பக்கக் கிளை வெடிச்சுப் புதரா வரும்.

4. வெயில்: காலை வெயில் முழுசா, மதியம் ரெண்டு மணிக்கு மேல நிழல். கிழக்குப் பார்த்த பால்கனின்னா அதிர்ஷ்டம். மேற்கு பார்த்ததுன்னா ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் ஒரு பழைய வேட்டியைக் கட்டிவிடுங்க.

5. தண்ணி: காலையில, வேர்ல. இலையை நனைச்சா, முக்கியமா சாயங்காலத்துல, வெள்ளையா மாவு பூசின மாதிரி பூஞ்சை வரும்.

6. பூ: ஜூன்ல ஆரம்பிக்கும். முதல் சுத்து காஞ்சதும் மூணுல ஒரு பங்கு உயரத்தை வெட்டிட்டா, செப்டம்பர்ல இன்னொரு சுத்து. ரெண்டு கதிரை மட்டும் விதைக்கு விட்டுடுங்க.

7. குளிர்காலம்: தண்டு காஞ்சு குச்சியா நிக்கும். அடியில சின்னதா ஓர் இலைக்கொத்து, சில சமயம் அதுவும் இருக்காது. செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, வேர் தூங்குது. என் அறைத்தோழன் டிசம்பர்ல தொட்டியைக் குப்பைப் பைக்குள்ள பாதி கவுத்துட்டான், ஓடிப்போய்ப் பிடுங்கினேன். இங்க மழையெல்லாம் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவுலதான். தூங்குற வேரைக் குளிர் கொல்லாது, தேங்குற ஈரம் கொல்லும். தொட்டியைச் சுவரோரமா மழை படாம நகர்த்தி, ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க. பிப்ரவரி, மார்ச்சுல தானா துளிர் விடும்.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. கொரிய புதினாவும் இதோட கலப்பு ரகங்களும் ஒரே பேர்லயே விக்கும். ப்ளூ ஃபார்ச்சூன்னு ஒரு ரகம் அழகா இருக்கும், ஆனா விதை பிடிக்காது. தண்டை வெட்டி வச்சுத்தான் பெருக்கணும். கோல்டன் ஜூபிலின்னு மஞ்சள் இலை ரகம் 2003-ல அமெரிக்காவுல பரிசு வாங்கினது, அதை விதையிலேர்ந்தே வளர்க்கலாம்.

பயன்? பூக்கிறதுக்கு முன்னாடி பறிச்ச அஞ்சாறு இலை, ஒரு டம்ளர் வெந்நீர், அஞ்சு நிமிஷம். சர்க்கரை போடாமலே ஒரு தித்திப்பு இருக்கும். நிழல்ல உலர்த்தி வச்சா மாசக்கணக்குல வாசனை போகாது. சோம்பு தீர்ந்துபோன ஒரு நாள் குருமாவுலயே போட்டேன், யாரும் கண்டுபிடிக்கலை! ஆனா மருந்துன்னு நினைச்சு லிட்டர் லிட்டராக் குடிக்க வேண்டாம். எஸ்ட்ரகோலை அதிக அளவு எலிகளுக்குக் கொடுத்த சோதனைகள்ல கல்லீரல்ல கட்டி வந்திருக்கு. எப்பவாவது ஒரு கப் போதும். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் தவிர்த்துடறது நல்லது.

அக்காவோட துளசி ஒவ்வொரு மாரிக்கும் செத்துப்போகும். 10 டிகிரிக்குக் கீழ போனாலே அது இலையை உதிர்த்துடும். வசந்தத்துல மறுபடி விதை, மறுபடி சாவு, முப்பது வருஷமா இதே கதை. இந்தச் செடி போன மார்ச்சுல காஞ்ச குச்சிக்கு அடியிலேர்ந்து தானா எழும்பினதைப் பார்த்துட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "சாமிக்கு வைக்கேலாது தம்பி, அதுக்குத் துளசிதான். ஆனா தேத்தண்ணிக்கு ஒண்டு நிண்டு பிடிக்குதே, அது போதும்." இப்ப துளசிக்கும் இதுக்கும் சேர்த்து அரிசித் தண்ணியைச் சரிபாதியா பிரிக்கிறோம். குருமா ருசி, தேனீ சத்தம், அக்காவோட பேச்சுத்துணை எல்லாம் எங்க வீட்டுக்கு இந்த முக்கால் லிட்டர்ல வருது.

டிஸ்கி: விதை அனுப்புன்னு தனிமடல் போடாதீங்க ப்ளீஸ். நாடு விட்டு நாடு விதை அனுப்ப தாவர நலச் சான்றிதழ் வேணும், சும்மா கவர்ல போட்டா சட்டப்படி தப்பு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கிற பதிவர்கள் யாராவது உள்ளூர் நர்சரியில கிடைச்சு வளர்த்தீங்கன்னா, மழைக்காலத்துல வேர் அழுகாம எப்படிப் பார்த்துக்கிட்டீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. எனக்குப் பக்கத்துத் தெருவுல கேக்கிறவங்க இருக்காங்க.