ஹர்த்தால் நாளில் நமது கடைக் கதவு

வியாபாரிக்கு அரசியல் வேண்டாம் என்பது நம் பெரியவர்கள் சொல்லிவரும் புத்திமதி. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஹர்த்தால் என்ற ஒன்று இருக்கிறது. அன்று கடையைப் பூட்டினாலும் திறந்தாலும் அதை வாடிக்கையாளர்கள் ஓர் அரசியல் கருத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. அதைக் கண்டித்து 11ஆம் திகதி வடக்கு, கிழக்கில் ஹர்த்தால் நடந்தது. நமது ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டுக் கொண்டிருந்த காலம் அது. அடுத்த மாதம் பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டியில் முடிந்த பேரணியில் ஜனாஸா எரிப்பை நிறுத்தும் கோரிக்கையும் எழுப்பப்பட்டது; கிழக்கில் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். இப்படியான விடயத்துக்காகக் கடை பூட்டுவதைக் கட்சி அரசியல் என்று ஒதுக்க முடியாது.

ஆனாலும் நமது நிலைமை வேறு. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் கடையையும் சரக்கையும் விட்டுப் போனவர்கள் நாம். திரும்பி வந்து வாடகைக் கடையில் உட்கார்ந்திருப்பவர் ஹர்த்தாலன்று பூட்டுவது உடன்பாட்டாலா, பயத்தாலா? அவருக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். ஆகவே அழைப்பு விடுப்பவர்கள் முன்கூட்டியே சோனகத் தெருப் பக்கமும் வந்து பேச வேண்டும். கேட்காமல் பூட்ட வைத்துவிட்டு அதை ஆதரவு என்று எண்ணிக்கொள்வது சரியல்ல.

கட்சி ஆதரவு வேறு கதை. முத்தையா முரளிதரன் 2019இல் கோட்டாபயவை ஆதரித்துப் பேசினார். போர் முடிந்த 2009ஆம் ஆண்டைப் பற்றி அவர் சொன்னதும் தமிழர்களைப் புண்படுத்தியது. தமது பேச்சு திரிக்கப்பட்டதாக அவர் விளக்கியும் எதிர்ப்பு அடங்கவில்லை. 2020 ஒக்டோபரில் அவரது வாழ்க்கைப் படமான ‘800’இலிருந்து விஜய் சேதுபதி விலகினார். வேறொரு நடிகருடன் 2023இல் படம் வெளியானது. முரளிதரனுக்கு 800 விக்கெட்டுகள் இருக்கின்றன, தாங்கிக்கொள்வார். கோபித்துப் போகும் பத்து வாடிக்கையாளர்களை நமது சிறு கடைக்காரர் தாங்குவாரா? வேட்பாளர் படத்தைக் கடையின் முகநூல் பக்கத்தில் போடுமுன் இதை யோசிக்கலாம்.

மனமொத்துப் பூட்டுகிறவர் எதற்காகப் பூட்டுகிறார் என்று தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடலாம். அன்று கடைப் பையன்களின் நாட்கூலியையும் வெட்டாமல் கொடுத்துவிட வேண்டும். பூட்டும் முடிவை எடுத்தது அவர்களல்லவே.